சர்வர் எட்டாத இடத்தில் சாலிட்வொர்க்ஸ் பிடிஎம்: ஆஃப்லைன் வேலைக்கு ஒரு வழிகாட்டி

சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளைப் பலரும் பகிர்ந்து நிர்வகிக்க உதவுவது பிடிஎம். அதன் பொதுக் கோப்புக் களஞ்சியமான வால்ட், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவின் ஒரு சாதாரண ஃபோல்டரைப் போலவே தோன்றுவதால், அலுவலகத்தில் இருக்கும்வரை ஒரு கோப்பு உண்மையில் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் தேவை யாருக்கும் வருவதில்லை. லேப்டாப்பை வாடிக்கையாளரின் ஆலைக்குக் கொண்டுபோய், நெட்வொர்க் இல்லாத இடத்தில் திறக்கும் நாளில்தான் அந்தக் கேள்வி எழுகிறது. ஃபோல்டர் இருக்கிறது, ஆனால் நேற்று அதில் பட்டியலாகத் தெரிந்த 40 கோப்புகளில் இன்று 6 மட்டுமே தெரிகின்றன. மீதி 34 கோப்புகளும் அழிந்துவிடவில்லை. அவை நம் லேப்டாப்புக்கு வந்து சேரவே இல்லை.

இதற்கான காரணம் பிடிஎம் கட்டப்பட்டுள்ள விதத்தில் இருக்கிறது. கோப்புகள் ஆர்க்கைவ் சர்வரில் இருக்கின்றன. எந்தக் கோப்பு எந்த வெர்ஷனில் உள்ளது, யார் அதைச் செக்-அவுட் செய்திருக்கிறார் (திருத்துவதற்காகத் தன் பெயரில் பூட்டி எடுத்திருக்கிறார்), எந்த அசெம்பிளியில் (பாகங்களின் தொகுப்பில்) எந்தப் பார்ட் (தனிப் பாகம்) சேர்ந்திருக்கிறது, ஒப்புதலின் எந்தக் கட்டத்தில் அது நிற்கிறது என்பன போன்ற விவரங்கள் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் இருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரில் நாம் பார்க்கும் பட்டியல் தரவுத்தளத்திலிருந்து வருவது. ஒரு கோப்பைத் திறக்கும்போதோ 'கெட்' கொடுக்கும்போதோதான் அதன் நகல் ஆர்க்கைவ் சர்வரிலிருந்து இறங்கி, லோக்கல் கேஷ் என்று சொல்லப்படும் நம் சொந்த வட்டில் அமர்கிறது. இணைப்பில் இருக்கும்போது, இன்னும் இறங்காத கோப்புகளின் ஐகான் மங்கலாகத் தெரியும். ஆஃப்லைனுக்குப் போனதும் அந்த மங்கலான ஐகான்களும் மறைந்துவிடும்.

கோப்பு கேஷில் இருப்பதும் செக்-அவுட்டில் இருப்பதும் இருவேறு நிலைகள் என்பதை முதலிலேயே மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கேஷில் உள்ள நகலைத் திறக்கலாம், அளவெடுக்கலாம், அச்சிடலாம்; ஆனால் அது ரீட்-ஒன்லி. செக்-அவுட் செய்த கோப்பைத் திருத்தலாம்; அதே நேரம், நாம் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அலுவலகத்தில் வேறு எவரும் அதைத் திருத்த முடியாது. ஆகவே கேஷில் தாராளமாகவும் செக்-அவுட்டில் சிக்கனமாகவும் இருப்பதே ஆஃப்லைன் வேலைக்குப் பொருத்தமான அணுகுமுறை என்பது என் கருத்து. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எதற்கும் இருக்கட்டும் என்று மொத்த அசெம்பிளியையும் செக்-அவுட் செய்துவிட்டு, அதன் டிராயிங்குகளை, அதாவது பட்டறைக்கான வரைபடங்களை, எடுத்துக்கொள்ள மறந்துவிடுகிறார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள்

டிராயிங் விடுபட்டுப்போவதற்குக் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. ஒரு அசெம்பிளியைத் தேர்ந்து 'கெட் லேட்டஸ்ட் வெர்ஷன்' கொடுத்தால், பிடிஎம் அந்த அசெம்பிளி எந்தெந்தக் கோப்புகளைச் சுட்டுகிறதோ அவற்றை, அதாவது சப்-அசெம்பிளிகளையும் பார்ட்டுகளையும், சேர்த்துக் கொண்டுவரும். டிராயிங்கோ மறுதிசையில் இணைந்திருக்கிறது. டிராயிங்தான் பார்ட்டைச் சுட்டுகிறதே தவிர, பார்ட்டுக்குத் தன் டிராயிங் எதுவென்று தெரியாது. எனவே அசெம்பிளியின் வழியாகக் கெட் கொடுத்து டிராயிங்குகளும் வந்துவிட்டதாக நம்பக் கூடாது.

ஒரு சர்க்கரை ஆலையில் செயின் கன்வேயரின் ஸ்ப்ராக்கெட் ஹப் ஒன்றை உள்ளூர் லேத்தில் புதிதாகக் கடைந்து மாட்ட வேண்டிய நிலை வந்தபோது இதை நான் கற்றுக்கொண்டேன். ஹப்பின் மாடல் லேப்டாப்பில் இருந்தது; துளை 60 மி.மீ., கீவே அகலம் 18 மி.மீ. என்று அது துல்லியமாகக் காட்டியது. லேத் வேலைக்காரர் கேட்டதோ துளையின் டாலரன்ஸ், அதாவது அளவில் எவ்வளவு வித்தியாசம் அனுமதி என்பது. அது எச்7 என்றால் 60 மி.மீ. துளைக்கு 0 முதல் +0.030 மி.மீ. வரைதான் இடம், தளர்வான பொருத்தம் என்றால் கதையே வேறு. எங்கள் வழக்கப்படி அந்தக் குறிப்பு டிராயிங்கில் மட்டுமே இருந்தது. டிராயிங் எண்பது கிலோமீட்டர் தொலைவில் சர்வரில் இருந்தது. மொபைல் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி ஆலையின் எடைமேடைவரை நடந்து, அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அங்கிருந்தவர் படித்துச் சொன்னதைக் கையில் எழுதிக்கொண்டு திரும்பினேன்.

இதைத் தவிர்க்கும் எளிய வழி, அசெம்பிளிக்குப் பதிலாகப் புராஜெக்ட் ஃபோல்டரையே தேர்ந்து கெட் கொடுப்பது. அப்போது அதன் துணை ஃபோல்டர்களில் உள்ள டிராயிங், பார்ட், பிடிஎஃப், எக்செல் என அனைத்தும் வந்துவிடும். அதன்பின் முதன்மை அசெம்பிளிக்கும் தனியாக ஒருமுறை கெட் கொடுக்க வேண்டும்; ஏனென்றால் நட்டு, போல்ட், பேரிங், கியர்பாக்ஸ் போன்ற பொதுக் கோப்புகள் பெரும்பாலும் புராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே வேறொரு நூலக ஃபோல்டரில் இருக்கும். வந்தவை சரியான வெர்ஷன்தானா என்பதை, கோப்பைத் தேர்ந்ததும் கீழே தெரியும் வெர்ஷன் டேபில் பார்க்கலாம். அதில் நம்மிடம் உள்ள வெர்ஷனும் சர்வரில் உள்ள கடைசி வெர்ஷனும் காட்டப்படும். முக்கியமான ஐந்தாறு கோப்புகளுக்காவது இதைப் பார்த்துவிடுவது நல்லது.

வால்ட்டுக்கு வெளியே உள்ளவையும் நம்மை முடக்கக்கூடும். பல அலுவலகங்களில் டெம்ப்ளேட்டுகளும் ஷீட் ஃபார்மேட்டுகளும் வெல்ட்மென்ட் புரொஃபைல்களும் நெட்வொர்க் டிரைவில் வைக்கப்பட்டிருக்கும். சாலிட்வொர்க்ஸின் சிஸ்டம் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ஃபைல் லொகேஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து, அங்குள்ள பாதைகளில் நெட்வொர்க்கைச் சுட்டுபவை எவை என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள டிராயிங்கைத் திறக்க ஷீட் ஃபார்மேட் கோப்பு தேவையில்லை, அது டிராயிங்குக்குள்ளேயே பதிந்திருக்கும். ஆனால் புதிய டிராயிங் தொடங்க டெம்ப்ளேட் வேண்டும். நட்டு, போல்ட் போன்ற நிலையான பாகங்களின் நூலகமான டூல்பாக்ஸ் நெட்வொர்க்கில் இருந்தால் அதன் விளைவு இன்னும் பெரியது, ஏனெனில் துளை போடும் கருவியான ஹோல் விசார்டும் அதே டூல்பாக்ஸ் தரவுத்தளக் கோப்பைத்தான் நம்பியிருக்கிறது. அதாவது ஒரு எம்10 துளை போடுவதுகூட அங்கே தடைபடலாம். இவற்றின் நகலை லேப்டாப்பில் வைத்து, பயண நாட்களுக்கு மட்டும் பாதையை அங்கே திருப்பிவிடலாம். திரும்பியதும் பழைய பாதையை மீட்பதற்காக, மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லைசென்ஸ். தனி லேப்டாப்பில் ஆக்டிவேட் செய்யப்பட்ட லைசென்ஸ் என்றால் கவலையில்லை. அலுவலகத்தில் பலரும் பகிர்ந்துகொள்ளும் சாலிட்நெட்வொர்க் லைசென்ஸ் என்றால், சர்வர் எட்டாத இடத்தில் சாலிட்வொர்க்ஸ் திறக்கவே திறக்காது. இதற்காகவே அந்த லைசென்ஸ் மேலாளரின் கிளையண்டில் 'லைசென்ஸ் பாரோயிங்' என்ற டேப் இருக்கிறது. இணைப்பில் இருக்கும்போதே அதில் திரும்ப ஒப்படைக்கும் தேதியைக் குறித்து லைசென்ஸைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அதிகபட்சம் 30 நாட்கள். வேலை 3 நாள் என்றாலும் 5 நாளுக்கு வாங்குவது என் பழக்கம். முன்னதாகத் திரும்பினால் முன்னதாகவே ஒப்படைத்துவிடலாம்.

இவ்வளவும் செய்தபின் ஒரு சிறு பொறி காத்திருக்கிறது. பிடிஎம்மில் லாக்-ஆஃப் செய்யும்போது கேஷைத் தானாகவே துடைத்துவிடும்படி நிர்வாகி அமைக்க முடியும். வட்டு நிரம்பாமல் இருக்கவும், பழைய வெர்ஷனை யாரும் தெரியாமல் திறந்துவிடாமல் இருக்கவும் சில அலுவலகங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே மாலை முழுவதும் கோப்புகளை இறக்கிவிட்டு ஒழுங்காக லாக்-ஆஃப் செய்பவர், செக்-அவுட் செய்த கோப்புகளைத் தவிர மற்ற அனைத்தையும் இழந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். நிர்வாகியிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரே நம்பகமான சோதனை, அலுவலகத்தில் இருக்கும்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபையையும் விபிஎன்னையும் அணைத்துவிட்டு, ஆஃப்லைனில் லாக்-இன் செய்து, முதன்மை அசெம்பிளியையும் இரண்டு மூன்று டிராயிங்குகளையும் திறந்து பார்ப்பதுதான். காணாமல் போன கோப்பு எதுவானாலும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்களே தேடுகிறீர்களா என்று சாலிட்வொர்க்ஸ் கேட்கும். கேட்காமல் எல்லாம் திறந்துவிட்டாலும், 'ஃபைண்ட் ரெஃபரன்சஸ்' பட்டியலைத் திறந்து ஒவ்வொரு கோப்பின் பாதையையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்க்க வேண்டும். டெஸ்க்டாப்பிலோ பழைய பேக்கப் ஃபோல்டரிலோ கிடக்கும் அதே பெயருள்ள கோப்பை அது எடுத்துக்கொண்டிருக்கலாம். பத்து நிமிடம் போதும். இந்தச் சோதனையை நான் மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. விடுபட்டது தெரியும்போது அதை எடுத்துத் தர அலுவலகத்தில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா.

எவற்றைச் செக்-அவுட் செய்வது

களத்தில் நிச்சயமாக மாற்றப்போகிறோம் என்று தெரிந்த பார்ட்டுகளும் அவற்றின் டிராயிங்குகளும் போதும். அசெம்பிளியைச் செக்-அவுட் செய்யாமலேயே அதைத் திறந்து, அதற்குள் உள்ள பார்ட்டைத் திருத்திச் சேமிக்கலாம். அசெம்பிளியைச் சேமிக்க முடியாது என்ற எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். புதிய பார்ட் சேர்ப்பது, மேட்டுகளை (பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் இணைப்புகளை) மாற்றுவது போன்ற வேலை இருந்தால் மட்டுமே அந்த அசெம்பிளி செக்-அவுட்டில் இருக்க வேண்டும். அசெம்பிளியில் வலது சொடுக்கிச் செக்-அவுட் கொடுக்கும்போது அதன் கீழுள்ள எல்லாக் கோப்புகளும் பட்டியலாக வரும். அதில் தேவையற்றவற்றின் டிக்கை நீக்கிவிட்டு ஓகே கொடுக்கும் பொறுமை வேண்டும். இல்லாவிட்டால், ஐந்து புராஜெக்ட்டுகளுக்குப் பொதுவான ஒரு பேரிங் ஹவுசிங்கை நீங்கள் பூட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அலுவலகத்தில் இருப்பவர் உங்களுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது உங்கள் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். செக்-அவுட் என்பது ஆளின் பெயரில் மட்டும் நடப்பதில்லை. எந்தக் கணினியில், எந்த ஃபோல்டரில் என்பதும் அதோடு பதிவாகிறது. மேசையில் உள்ள ஒர்க்ஸ்டேஷனில் செக்-அவுட் செய்துவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், லேப்டாப்பில் அந்தக் கோப்பு செக்-அவுட் ஆனதாகக் கருதப்படாது. பயனர் பெயர் ஒன்றே என்பது உதவாது. துறைக்குப் பொதுவாக ஒரு பயண லேப்டாப் வைத்திருக்கும் அலுவலகங்களில் இது வாடிக்கையாகவே நடக்கிறது. ஆகவே ஒர்க்ஸ்டேஷனில் உள்ளவற்றை முதலில் செக்-இன் செய்து (சர்வருக்குத் திருப்பிக் கொடுத்து) முடித்து, லேப்டாப்பில் லாக்-இன் செய்து, அங்கிருந்தே கெட்டும் செக்-அவுட்டும் கொடுக்க வேண்டும். 'செக்டு அவுட் இன்' என்ற பத்தியில் லேப்டாப்பின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

லேப்டாப்பில் உள்ள சாலிட்வொர்க்ஸின் ஆண்டுப் பதிப்பும் அலுவலகத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு அப்படியே திறந்து திருத்தாது. 2024 பதிப்பிலிருந்து முந்தைய பதிப்புக்குச் சேமிக்கும் வசதி வந்திருக்கிறது என்றாலும், வால்ட்டில் உள்ள ஒரு பெரிய அசெம்பிளிக்கு அதை நம்பி இறங்குவது தேவையற்ற தலைவலி.

களத்தில்

லேப்டாப்பைத் திறந்து வால்ட் ஃபோல்டரைச் சொடுக்கியதும் வரும் லாக்-இன் சாளரத்திலேயே 'வொர்க் ஆஃப்லைன்' என்ற பொத்தான் இருக்கும். சர்வரைத் தேடிக் காத்திருக்காமல் அதையே அழுத்துங்கள். அதன்பின் செக்-இன், செக்-அவுட், கெட், ஒப்புதல் நிலையை மாற்றுவது, தரவுத்தளத்தில் தேடுவது, 'வேர் யூஸ்டு' (ஒரு கோப்பு எங்கெல்லாம் பயன்படுகிறது) பார்ப்பது ஆகிய எதுவும் நடக்காது. இவை எல்லாமே தரவுத்தளத்தைக் கேட்டுச் செய்பவை. செக்-அவுட்டில் உள்ள கோப்பைத் திறந்து, திருத்தி, சேமிப்பது மட்டும் வழக்கம்போல நடக்கும். பொருள், எடை, விளக்கம் போன்ற விவரங்களை மாற்ற வேண்டுமானால் சாலிட்வொர்க்ஸுக்குள் கஸ்டம் புராப்பர்ட்டீஸில் மாற்றுங்கள்; டேட்டா கார்டு எனப்படும் பிடிஎம்மின் விவரப் படிவத்துடன் இணைக்கப்பட்ட விவரங்களைச் செக்-இன் செய்யும்போது பிடிஎம் கோப்பிலிருந்தே படித்துக்கொள்ளும்.

கோப்பின் பெயரை மட்டும் எக்ஸ்ப்ளோரரில் மாற்றாதீர்கள், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தவும் செய்யாதீர்கள். நீங்கள் பெயர் மாற்றியது தரவுத்தளத்துக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அதன் பார்வையில் செக்-அவுட் செய்த கோப்பு காணாமல் போயிருக்கும், அந்நியமான ஒரு கோப்பு அங்கே உட்கார்ந்திருக்கும். பெயர் மாற்றம் அவசியம் என்றால் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, இணைப்புக்கு வந்தபின் செய்யலாம்.

புதிய பார்ட்டுகளை வால்ட் ஃபோல்டருக்குள் சேமிக்கலாம். அவை அப்போதைக்கு வால்ட் அறியாத உள்ளூர்க் கோப்புகளாகவே இருக்கும். சிக்கல் பெயரில் வரும். கோப்புப் பெயராகும் வரிசை எண்ணை வழங்குவது தரவுத்தளம் என்பதால் ஆஃப்லைனில் அடுத்த எண் கிடைக்காது. நீங்களாக ஒன்றை வைத்தால், அதே எண் அதே நாளில் அலுவலகத்தில் வேறொருவருக்குப் போயிருக்கக்கூடும். எனவே கிளம்பும் முன்பே தேவைப்படும் என்று தோன்றும் ஐந்தாறு எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு வழியில்லை என்றால், அலுவலக எண்களோடு ஒருபோதும் மோதாத தற்காலிகப் பெயரை, உதாரணமாக ஆலையின் சுருக்கப்பெயரும் தேதியும் கொண்ட ஒன்றை, வைத்துக்கொள்ளுங்கள்.

செக்-அவுட் செய்யாத கோப்பைத் திருத்தியே ஆக வேண்டிய நிலை வருவதும் உண்டு. விண்டோஸில் ரீட்-ஒன்லி அடையாளத்தை நீக்கிவிட்டுத் திருத்தும் குறுக்குவழியைப் பலர் சொல்லித் தருவார்கள். நான் அதை ஏற்பதில்லை. திரும்பியதும் அந்தக் கோப்பைச் செக்-அவுட் செய்தால் சர்வரின் கடைசி வெர்ஷன் இறங்கி, நீங்கள் செய்ததை மேலெழுதிவிட வாய்ப்பிருக்கிறது. மேலும் அந்த இடைவெளியில் அலுவலகத்தில் யாராவது அதைத் திருத்தியிருந்தால், இரண்டில் எது சரி என்பதைச் சொல்ல எந்தப் பதிவும் இருக்காது. அதற்குப் பதிலாக, வால்ட்டுக்கு வெளியே தனி ஃபோல்டரில் 'சேவ் ஆஸ் காப்பி' முறையில் வேறு பெயரில் நகலெடுத்து, அதில் மாற்றம் செய்து, என்னென்ன அளவு எப்படி மாறியது என்று எழுதிவையுங்கள். அலுவலகத்துக்கு வந்தபின் மூலக் கோப்பை முறைப்படி செக்-அவுட் செய்து அந்த அளவுகளைக் கையால் இடுவது பெரும்பாலும் கால் மணிநேர வேலைதான்.

மாலையில் அறைக்குத் திரும்பியதும், அன்று சேமித்த கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைப்பது நல்லது. செக்-இன் ஆகும்வரை உங்கள் மாற்றங்களுக்கு உலகில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, அதுவும் ஆலைத் தூசியில் நாள் முழுதும் திறந்திருந்த ஒரு லேப்டாப்பில்.

திரும்பி வந்தபின்

இணைப்புக்கு வந்ததும் எதையும் தொடுவதற்கு முன், செக்-அவுட் செய்த ஃபோல்டர்களை அப்படியே டெஸ்க்டாப்பில் நகலெடுத்துவிடுங்கள். பிடிஎம்மில் 'அண்டூ செக்-அவுட்' என்பது 'செக்-இன்'னுக்கு அருகிலேயே இருக்கும் கட்டளை. களைத்த கை ஒரு வரி தவறினால் நீங்கள் செய்த மாற்றங்கள் போய், பழைய வெர்ஷன் வந்து உட்காரும்.

பிறகு ஆன்லைனில் லாக்-இன் செய்து, முதலில் புதிய கோப்புகளைக் கவனிக்க வேண்டும். அவற்றுக்கு முறையான எண்களை வாங்கி, சாலிட்வொர்க்ஸுக்குள் அசெம்பிளி திறந்திருக்கும் நிலையில் 'சேவ் ஆஸ்' மூலம் பெயர் மாற்றி, அசெம்பிளியைச் சேமித்து, பின்னர் புதிய பெயரிலுள்ள கோப்பின் மீது வலது சொடுக்கி 'ஆட் டு ஃபைல் வால்ட்' கொடுங்கள். அசெம்பிளி திறந்திருக்கும்போது செய்வதால் அது புதிய பெயரைப் பிடித்துக்கொள்ளும். சேர்த்த கோப்பு முதல் செக்-இன் நடக்கும்வரை உங்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பதால், சேர்த்துவிட்டோம் என்று அதோடு நிறுத்திவிடக் கூடாது.

செக்-இன்னை முதன்மை அசெம்பிளியின் வழியாகச் செய்வதே நல்லது; அசெம்பிளி, பார்ட், டிராயிங் மூன்றும் எப்படி இணைந்திருக்கின்றன என்பது அந்தச் சாளரத்தில் ஒரே பார்வையில் தெரியும். அங்குள்ள 'வார்னிங்ஸ்' பத்தியை ஓகே கொடுக்கும் அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். வால்ட்டுக்கு வெளியே உள்ள கோப்பை அசெம்பிளி சுட்டுகிறது என்ற எச்சரிக்கை ஆஃப்லைன் வேலைக்குப்பின் மிகச் சாதாரணமாக வருவது. அதை அப்படியே விட்டால் அசெம்பிளி உங்கள் லேப்டாப்பில் மட்டும் முழுமையாகத் திறக்கும், மற்றவர்களுக்கு அந்த இடத்தில் ஓட்டை விழும். குறிப்புப் பெட்டியில் 'சைட் மாற்றம்' என்று இரண்டு சொல்லில் முடிக்காமல், எந்த அளவு எதிலிருந்து எதற்கு மாறியது, ஏன் என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஹப்பைத் திரும்பச் செய்யும்போது அதைத் தேடப்போவது பெரும்பாலும் நீங்களே.

நீங்கள் வெளியில் இருந்தபோது நிர்வாகி உங்கள் செக்-அவுட்டை விடுவித்துவிட்டிருந்தால் நிலைமை வேறு. அவசரத் தேவைக்காக அப்படிச் செய்ய உரிய அனுமதி உள்ளவரால் முடியும். அப்போது உங்கள் லேப்டாப்பில் திருத்திய கோப்பு இருக்கும், ஆனால் செக்-இன் செய்ய இயலாது. ஏற்கெனவே டெஸ்க்டாப்பில் எடுத்த நகல் இங்கேதான் கைகொடுக்கும்: சர்வரின் கடைசி வெர்ஷனைச் செக்-அவுட் செய்து, அதைத் திருத்தியவருடன் அருகருகே உட்கார்ந்து, உங்கள் நகலையும் அதையும் ஒப்பிட்டு மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். உங்கள் நகலை எடுத்து அப்படியே மேலே ஒட்டிவிட்டால் அவர் செய்த வேலை அந்த வெர்ஷனிலிருந்து காணாமல் போகும்.

கடைசியாக, கடன் வாங்கிய லைசென்ஸை ஒப்படைத்து, ஃபைல் லொகேஷன்ஸ் பாதைகளைப் பழையபடி திருப்பிவிட்டு, புராஜெக்ட் ஃபோல்டரில் 'செக்டு அவுட் பை' பத்தியின் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். அதில் உங்கள் பெயர் எங்கும் இல்லை என்பது உறுதியான பிறகே டெஸ்க்டாப் நகலை அழிக்கலாம்.